இருபதுக்குப் பதினெட்டு: துப்பாக்கி மேகசினில் சிப்பாய்கள் செய்த திருத்தங்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

"எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் மேகசினில் எத்தனை தோட்டா பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"இருபது பிடிக்கும் சார். பதினெட்டுதான் போடுவோம்."

ஆதம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலர் அவர். காலாட்படையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து, சுபேதாராக ஓய்வுபெற்றவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் வாட்ச்மேன். நான் மட்டும் சுபேதார் சார் என்பேன். ஏன் பதினெட்டு என்று கேட்டதற்கு, "உஸ்தாத் சொன்னார்" என்றார். படையில் ஆயுதப் பயிற்சி தருபவரை அப்படித்தான் அழைப்பார்கள். உஸ்தாத்துக்கு யார் சொன்னார்? அவருடைய உஸ்தாத். அதற்கு மேல் அந்த வம்சாவளி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

எனக்குத் தோன்றியது. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக ஸ்பிரிங் செய்து பிழைப்பவன். ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தட்டு, தட்டின்மேல் அடுக்கிய தோட்டாக்கள், அவை வெளியே துள்ளிவிடாமல் மேலே இரண்டு வளைந்த உதடுகள். மேகசின் என்பது இவ்வளவுதான். துப்பாக்கியைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் படித்து அறிந்தது. ஸ்பிரிங்கைப் பற்றி அறிந்தது கையைச் சுட்டுக்கொண்டு அறிந்தது. ஆகவே இந்த ஆய்வு துப்பாக்கியின் பக்கமிருந்து அல்ல, பெட்டியின் பக்கமிருந்து எழுதப்படுகிறது.

போர்க்காலத்தில் சிப்பாய்கள் மேகசினில் கை வைத்தார்கள் என்றால் நம் கண்முன் வருவது டேப். இரண்டு மேகசின்களைத் தலைமாற்றி வைத்து ஒட்டு டேப்பால் சுற்றியிருப்பார்கள். ஒன்று தீர்ந்ததும் உருவித் திருப்பிச் செருகினால் அடுத்தது தயார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் எம்1 கார்பைனின் 15 தோட்டா மேகசின்களை இப்படிக் கட்டினார்கள். பிறகு வியட்நாமிலும் இதே வழக்கம் இருந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் சிப்பாய்களும் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பைக் கொண்டு இதையே செய்தார்கள்.

பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். ஆனால் தலைகீழாகத் தொங்கும் மேகசினின் வாய் எதை நோக்கி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குப்புறப் படுத்துச் சுடுகிற சிப்பாயின் மேகசின் தரையைத் தொடும். திறந்த வாய் சேற்றிலோ மணலிலோ அழுந்தும். அதைத் திருப்பிச் செருகும்போது சேறும் சேர்ந்தே துப்பாக்கிக்குள் போகும். கல்லில் மோதினால் உதடு வளையும். உதடு ஒரு மில்லிமீட்டர் விரிந்தாலும் போதும், தோட்டா தவறான கோணத்தில் எழும்பி மாட்டிக்கொள்ளும். அதோடு, ஒரு மேகசினின் எடையைத் தாங்கச் செய்த சிறு கொக்கி இப்போது இரண்டைத் தாங்குகிறது. எனவே படைகள் இந்த வழக்கத்தை ஊக்குவிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் முடியவில்லை. கடைசியில் அமெரிக்க ராணுவமே டி3-ஏ1 என்ற பெயரில் ஒரு தகரப் பிடிப்பானை வெளியிட்டது. 30 தோட்டா கார்பைன் மேகசின்கள் இரண்டை, இரண்டு வாயும் மேல்நோக்கி இருக்கும்படி, அது பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொள்ளும். சிப்பாயின் தேவையை ஒப்புக்கொண்டு, அவன் செய்த தவறை மட்டும் நீக்கியிருந்தார்கள். இன்னும் பல ஆண்டுகள் கழித்து சுவிஸ் ராணுவத்தின் எஸ்.ஜி. 550 துப்பாக்கிக்கு மேகசின் வார்த்தபோது, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் குமிழ்களைப் பக்கச் சுவரிலேயே வைத்து வார்த்துவிட்டார்கள். டேப்புக்கு வேலையே இல்லாமல் போனது.

சேர்ப்பதில் எப்போதும் ஒரு கவர்ச்சி இருக்கிறது. முதல் உலகப் போரில் ஐந்து தோட்டா பிடிக்கும் ஜெர்மானிய கெவேர் 98 துப்பாக்கிக்கு, அடித்தட்டைக் கழற்றிவிட்டு மாட்டும் 20 தோட்டாப் பதுங்குகுழி மேகசின் வந்தது. 1941 டிசம்பரில், கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸ் முகாமில், தாம்சன் துப்பாக்கியின் 20 தோட்டா மேகசின்கள் இரண்டை முகத்தோடு முகம் பற்றவைத்து 40 ஆக்கிச் சோதித்தார்கள். 50 தோட்டா பிடிக்கும் உருளை மேகசினைவிட இந்த ஒட்டுவேலை மேல் என்று சோதித்தவர்கள் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து 30 தோட்டா மேகசின் பிறந்தது. ஜெர்மானியர்கள் எம்.பி.40 துப்பாக்கியில் இரண்டு மேகசினைப் பக்கவாட்டில் வைத்து நகர்த்தும் ஓர் இரட்டை அமைப்பையே செய்து பார்த்தார்கள். சோவியத் துப்பாக்கியின் 71 தோட்டா உருளைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் அவசரம். கனம் கூடியதுதான் மிச்சம். அந்த உருளையும் சொந்த ஊரில் சொக்கத்தங்கம் இல்லை. ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தியது பக்கத்துத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. 1942 முதல் சோவியத் தரப்பும் 35 தோட்டா வளைந்த பெட்டிக்கு வந்துசேர்ந்தார்கள்.

இவை எல்லாம் படங்களில் தெரிகிற திருத்தங்கள். சுபேதார் சொன்னது எந்தப் படத்திலும் தெரியாது. மேகசினை வெளியிலிருந்து பார்த்தால் அதில் பதினெட்டு இருக்கிறதா இருபதா என்று யாருக்குத் தெரியும்? எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை ஏற்பட்டதே அதனால்தான். போர்க்களங்களில் அதிகம் பரவியதும், உண்மையிலேயே வேலை செய்ததும், ஒரு பைசாகூடச் செலவில்லாததுமான திருத்தம், குறைத்தல்.

கணக்கைப் பாருங்கள். பிரென் இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் 30 தோட்டா பிடிக்கும். நிரப்பியது 28, சில இடங்களில் 27. ஸ்டென் துப்பாக்கிக்கு 32; நிரப்பியது 30 அல்லது அதற்கும் கீழே. முதல் உலகப் போரின் பிரெஞ்சு ஷோஷா இயந்திரத் துப்பாக்கிக்கு 20. அதையும் முழுதாக நிரப்பக்கூடாது என்று சிப்பாய்கள் கற்றுக்கொண்டார்கள். அந்த மேகசின் ஒருபக்கம் திறந்தே இருக்கும். எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்த்துக்கொள்ளலாம் என்பது வடிவமைத்தவரின் எண்ணம். தோட்டா தெரியும் வழியாகச் சேறும் உள்ளே போகும் என்பது பதுங்குகுழியின் எண்ணம். வியட்நாமில் எம்16 துப்பாக்கியின் 20 தோட்டா மேகசினில் 18. வெவ்வேறு நாடு, வெவ்வேறு மொழி, இடையில் ஐம்பது ஆண்டுகள். கை நின்ற இடம் மட்டும் ஏறக்குறைய ஒன்று.

ஏன் இரண்டு? ஒன்று போதாதா, மூன்று கூடாதா?

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழில் தொடங்கிய புதிதில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் உணவகத்துக்கு டோக்கன் பெட்டிகள் செய்தார்கள், ஸ்பிரிங் என்னுடையது. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள டோக்கன் 50 அடுக்க வேண்டும். அதாவது 100 மில்லிமீட்டர். பெட்டியின் உள்உயரம் 130. மீதி 30. நான் கொடுத்த ஸ்பிரிங்கில் இரண்டு மில்லிமீட்டர் கம்பியில் 14 சுற்று. முழுக்க அழுத்தினால் சுற்றோடு சுற்று ஒட்டி 28. மேலே மூன்று மில்லிமீட்டர்த் தட்டு. மொத்தம் 31. முப்பது இருக்கும் இடத்தில் முப்பத்தொன்றைத் திணிக்கச் சொல்லி விற்றிருக்கிறேன்! புகார் வந்ததும் நேரில் போனேன். டோக்கன் போடும் பெண்மணி பெட்டியின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு கிழித்து, "இதுக்கு மேல வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன். கோடு வரை 46. என் கணக்குப்படி 46 போட்டால் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், ஸ்பிரிங்குக்கு மூச்சு வரும். அவர் எந்த அளவுகோலும் இல்லாமல் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

மேகசினிலும் நடப்பது இதுதான். ஆனால் அங்கே தோட்டாக்கள் டோக்கன் போல ஒன்றின்மேல் ஒன்றாக நேராக இருப்பதில்லை. இடது வலது என மாறிமாறி, சந்தையில் ஆரஞ்சு அடுக்குவது போல, ஒன்றின் பள்ளத்தில் ஒன்று படிந்து இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரு தோட்டாவை எடுத்தால் அடுக்கு ஏறத்தாழ அரைத் தோட்டா உயரம்தான் இறங்கும். இரண்டை எடுத்தால் ஒரு தோட்டாவின் முழுக் கனம் அளவுக்கு இடம் கிடைக்கும். எம்16 தோட்டாவின் அடிப்பாகம் ஒன்பதரை மில்லிமீட்டர் அளவு. ஆக, இரண்டைக் குறைத்தவன் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடத்தை விலைக்கு வாங்கியிருக்கிறான். இரட்டைப்படை எண்ணில் குறைப்பதால் இன்னொரு சௌகரியமும் உண்டு. 20 போட்டால் மேல் தோட்டா எந்தப் பக்கம் நிற்குமோ, 18 போட்டாலும் அதே பக்கம்தான். முதல் தோட்டா குழலுக்குள் ஏறியதா என்று இருட்டில் விரலால் தடவிப் பார்ப்பவனுக்கு, மேல் தோட்டா பக்கம் மாறிவிட்டதா என்பதே அடையாளம்.

அந்த இடம் எதற்கு? தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிவிட்டு மூடும் இரும்புத் துண்டுக்குப் போல்ட் என்று பெயர். அது மூடியிருக்கும்போது மேகசினைச் செருகினால், மேல் தோட்டா போல்ட்டின் அடியில் இடித்துக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். முழுக்க நிரம்பிய பெட்டியில் இறங்க இடமில்லை. எனவே மேகசின் கடைசிவரை போகாது, கொக்கியில் மாட்டாது. மாட்டியதுபோலத் தோன்றும், நான்கு அடி நடந்ததும் காலடியில் விழும். இன்னொன்று, நெருக்கி அடைத்த அடுக்கில் முதல் தோட்டாவின்மேல் உராய்வு மிக அதிகம். போல்ட் அதைத் தள்ளிக்கொண்டு போகத் திணறும். முதல் ஒன்றிரண்டு தோட்டாக்களில்தான் இந்தத் தொல்லை. பிறகு எல்லாம் சரியாக ஓடும். ஆனால் போர்க்களத்தில் முதல் தோட்டாதானே முக்கியம்!

சுபேதாரின் விளக்கம் வேறு. "நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் களைத்துவிடும் சார்" என்றார். பல நாட்டுப் படைகளிலும் இதே நம்பிக்கை உண்டு. பிரென் மேகசினுக்கு 28 என்றதற்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்றே காரணம் சொன்னார்கள். இந்தக் கூற்றில் பாதி உண்மை. நல்ல எஃகு ஸ்பிரிங்கை அதன் வரம்புக்குள் அழுத்தி ஓர் ஆண்டு வைத்தாலும் அது பெரிதாகத் தளராது. வரம்பை மீறி, சுற்றோடு சுற்று ஒட்டும்வரை அழுத்தினால் முதல் நாளே கொஞ்சம் உயரம் குறையும். பிறகு, ஓயாமல் அழுத்தி விடுவிப்பதில்தான் அது தேய்கிறது. எனவே முழுக்க நிரப்பாததால் ஸ்பிரிங் பிழைத்தது என்பது சரி. நெடுநாள் நிரப்பி வைத்ததாலேயே களைத்தது என்பது சரியல்ல. இதைச் சொன்னபோது சுபேதார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பினார் என்று சொல்ல முடியாது.

வியட்நாம் கதையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே இரண்டைக் குறைத்தது ஒரு பெரிய நோய்க்குப் போட்ட சிறு பத்து. எம்16 துப்பாக்கி 1965 முதல் அங்கே பெருமளவில் போனது. இது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் துப்பாக்கி என்ற பேச்சு கூடவே போனது; சுத்தம் செய்யும் கருவிகள் போதுமான அளவு போகவில்லை. அதோடு, வடிவமைத்தபோது சோதித்த வெடிமருந்து ஒன்று, களத்துக்குப் போன தோட்டாவில் இருந்தது வேறு. புது மருந்து கரி அதிகம் படியவிட்டது, சுடும் வேகத்தையும் கூட்டியது. நிமிடத்துக்கு 850 தாண்டக்கூடாது என்று நினைத்த துப்பாக்கி 1000 வரை போனது. குழலில் தோட்டா உட்காரும் அறைக்கு குரோமியப் பூச்சு இல்லாததால் ஈரக் காட்டில் துருப்பிடித்தது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே வராமல் ஒட்டிக்கொண்டது. சிப்பாய்கள் சுத்தம் செய்யும் கம்பியைத் துப்பாக்கியோடு டேப்பால் ஒட்டி வைத்தார்கள். கூடு மாட்டினால் வாய்வழியாகக் கம்பியை விட்டுத் தட்டி வெளியே தள்ள. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ரிச்சர்ட் இக்கோர்டு தலைமையிலான துணைக்குழு இதை விசாரித்துக் கடுமையாக எழுதியது. பிறகு குரோமியப் பூச்சு வந்தது, கருவிகள் வந்தன, கையேடு வந்தது.

இதில் மேகசினின் பங்கு என்ன? நிமிடத்துக்கு 1000 என்றால் ஒரு சுற்றுக்கு 0.06 விநாடி. அதற்குள் போல்ட் பின்னால் போய்த் திரும்பி வர வேண்டும். அது திரும்புவதற்குள் ஸ்பிரிங் மொத்த அடுக்கையும் ஒரு படி மேலே தூக்கி நிறுத்திவிட வேண்டும். 850 என்று கணக்கிட்டிருந்தால் 0.07 விநாடி கிடைத்திருக்கும். இந்த 0.01 விநாடிக்கு ஸ்பிரிங் செய்தவன் பொறுப்பல்ல, வெடிமருந்து மாற்றியவன் பொறுப்பு. சிப்பாய்க்கு வெடிமருந்தின் பெயர் தெரியாது. அவன் கையில் மாற்றக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று: எத்தனை தோட்டா போடுவது. கனம் குறைந்த அடுக்கு சற்றே சீக்கிரம் எழும்பும். அவன் மாற்ற முடிந்ததை மாற்றினான். வெற்றுக்கூடு ஒட்டிக்கொள்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த நோய்க்கு அந்த மருந்து வேலை செய்யவும் இல்லை. பத்து மேகசின் சுமப்பவனுக்கு இருபது தோட்டா நட்டம், அதாவது ஒரு முழு மேகசின். அந்த நட்டத்தை விரும்பி ஏற்றார்கள் என்றால், மாட்டிக்கொண்ட துப்பாக்கியின் பயம் எவ்வளவு இருந்திருக்கும்!

எம்16 மேகசின் அலுமினியத் தகட்டில் செய்தது. சுட்டுத் தீர்ந்ததும் எறிந்துவிடலாம் என்ற எண்ணத்தில் மெல்லியதாகச் செய்தார்கள். களத்தில் யார் எறிவார்கள்? புதியது எப்போது வரும் என்று தெரியாதவன் பழையதைத் திரும்பத் திரும்ப நிரப்புவான். நம் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவில் கடுகு போட்டு வைப்பதில்லையா?

வடிவமைத்தவர் நினைக்காத பயன்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் இஸ்ரேலில் இருக்கிறது. அங்கே சிப்பாய்கள் சோடா புட்டியின் மூடியை மேகசினின் உதட்டை மாட்டி நெம்பித் திறந்தார்கள். உதடு வளைந்தது, துப்பாக்கி மாட்டியது. எத்தனை முறை அதட்டினாலும் கேட்கவில்லை. 1972இல் ராணுவம் ஏற்ற 'கலீல்' (Galil) என்ற துப்பாக்கியில் புட்டி திறப்பானையே சேர்த்துவிட்டார்கள். ஆயுத வரலாற்றில் என் அபிமானப் பாகம் அது. தொழிலாளி தவறாகப் பயன்படுத்துகிறான் என்று சுவரொட்டி அடிக்கும் ஒவ்வொரு மேலாளரிடமும் இதைச் சொல்லி இருக்கிறேன்.

சுபேதாருக்குப் பிடித்தது வேறொன்று. 7.62 மில்லிமீட்டருக்கு மாற்றிய பிரென் துப்பாக்கியை நம் படையில் எல்.எம்.ஜி. என்பார்கள். மேகசின் துப்பாக்கியின் தலைமேல் நிற்கும். தோட்டாக்கள் மேலிருந்து கீழே இறங்கும். எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு மேகசின் அடியில். தோட்டாக்கள் கீழிருந்து மேலே ஏற வேண்டும். இரண்டுக்கும் ஒரே தோட்டா. பிரிட்டிஷ் படையில் சிலர், அவர்களுடைய பிரென் வகையின் 30 தோட்டா மேகசின் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியிலும் பொருந்துவதைக் கண்டு அதை மாட்டிக்கொண்டார்கள். 1982 ஃபாக்லாந்து போரிலும் இது நடந்தது. இருபதுக்குப் பதில் முப்பது, வேறென்ன வேண்டும்? ஆனால் தலைமேல் நிற்கும் மேகசினுக்குப் புவியீர்ப்பு துணைக்கு இருக்கிறது. எனவே அதன் ஸ்பிரிங் அவ்வளவு வலுவாக இருக்க வேண்டியதில்லை. அதையே தலைகீழாக்கி அடியில் மாட்டினால், இறக்கிவிட்டுப் பழகிய ஸ்பிரிங் முப்பது தோட்டாவைச் சுமந்து ஏற்ற வேண்டும். ஏற்றும், சில சமயம். பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. அம்பத்தூரில் இதை நான் வாரம் ஒருமுறை யாருக்காவது சொல்கிறேன்.

"நீங்கள் மாட்டிப் பார்த்தீர்களா?" என்றேன்.

"உஸ்தாத் தோலை உரித்திருப்பார்" என்றார்.

நம்மிடமிருந்த 9 மில்லிமீட்டர் கார்பைனைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் மாறியது. ஸ்டெர்லிங் வகை, கான்பூரில் செய்தது. 34 தோட்டா மேகசின். "அது மாட்டவே மாட்டாது சார், எத்தனை போட்டாலும் போகும்." அந்த மேகசினை வடிவமைத்த ஜார்ஜ் பாட்செட் ஸ்பிரிங்கின் தலையில் தட்டுக்குப் பதில் இரண்டு உருளைகளை வைத்தார். தட்டு சாய்ந்தால் சுவரில் மாட்டும். உருளை சாய்ந்தாலும் உருளும். ஸ்டென்னில் இரண்டு வரிசையாக வரும் தோட்டாக்கள் வாய்க்கு அருகே ஒற்றை வரிசையாக நெருக்கிப் புக வேண்டும்; அந்தக் குறுகலில்தான் எல்லாத் தொல்லையும். கல்யாண வீட்டுப் பந்தி வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்செட் கடைசிவரை இரண்டு வரிசையாகவே விட்டார். சிப்பாய் இரண்டு தோட்டாவைக் குறைத்து ஒப்பேற்றிய நோயை அவர் வேரிலேயே தீர்த்தார். பாட்செட்டின் துப்பாக்கியைப் பற்றி எழுதுபவர்கள் உண்டு. அந்த இரண்டு உருளைகளைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும் என்பது என் கட்சி.

எல்லா நோய்க்கும் சிப்பாயிடம் கை வைத்தியம் இல்லை. 1999 கார்கில் குளிரில் இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதாகச் செய்திகள் வந்தன. குளிரில் சில பிளாஸ்டிக்குகள் கண்ணாடி போல நொறுங்கும். இரண்டு தோட்டா குறைப்பது அங்கே என்ன செய்யும்? அது மூலப்பொருளைத் தேர்ந்தெடுத்த மேசையில் தீர வேண்டிய சிக்கல்.

கை வைத்தியம் வியாபாரமான கதையும் உண்டு. உறையிலிருந்து மேகசினை அவசரமாக உருவ முடியாமல், அதன் அடியில் பாராசூட் கயிற்றை வளையமாக வைத்து டேப்பால் ஒட்டிக்கொள்வது அமெரிக்கச் சிப்பாய்களின் வழக்கம். 1999இல் ரிச்சர்ட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற முன்னாள் மரீன், அதே வளையத்தை ரப்பர் போன்ற பொருளில் வார்த்து விற்கத் தொடங்கினார். மேகசினை இழுப்பது என்ற பொருளிலேயே நிறுவனத்துக்கு மேக்புல் என்று பெயர் வைத்தார். பிறகு மேகசினையே செய்யத் தொடங்கினார்கள். 2016 இறுதியில் அமெரிக்க மரீன் படை அந்த நிறுவனத்தின் மேகசினைத் தன் துப்பாக்கிகளுக்கு ஏற்றது. டேப்பும் கயிறும் ஒட்டியவர்களின் படைக்கே அது திரும்பி வந்தது.

இத்தனையும் படித்துவிட்டு மறுபடி சுபேதாரிடம் போனேன். ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. தோட்டாக்கள் ஐந்தைந்தாக ஒரு தகரப் பட்டையில் கோத்து வரும். நான்கு பட்டை போட்டால் இருபது. பதினெட்டு வேண்டும் என்றால் நான்காவது பட்டையில் இரண்டு மிஞ்சுமே. அவற்றை என்ன செய்வீர்கள்?

"சட்டைப் பையில்."

"எத்தனை மேகசின் உங்களிடம்?"

"ஐந்து. பையில் பத்துத் தோட்டா. நடந்தால் சலங்கை மாதிரி சத்தம் வரும், அதனால் துணியில் சுற்றி வைப்போம்." சிரித்தார். "முகாமுக்குத் திரும்பியதும் கோத்தில் எண்ணி ஒப்படைக்க வேண்டும்." ஆயுதக் கிடங்கைப் படையில் கோத் என்பார்கள். "மேகசினில் தொண்ணூறு, பையில் பத்து. ஒன்று குறைந்தாலும் அன்று யாருக்கும் தூக்கம் கிடையாது. மொத்தப் பிளாட்டூனும் டார்ச்சோடு வந்த வழியே திரும்பிப் போய்த் தேடும்."

ஒருமுறை அப்படித் தேடினார்களாம், விடியும்வரை. தோட்டா அவருடைய பை ஓரத்தில், தையல் விட்ட இடத்தின் வழியாக உள்துணிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு அவர் பையின் வாயில் ஒரு பொத்தான் தைத்துக்கொண்டார்.